சாரம் ஏறிய வெண்குடை

முன்னொரு காலத்தில், எங்கள் குலத்தின் மரியாதை இன்னும் குறையாதிருந்த நாளில், ஓர் அரசர் இருந்தார். அவருக்கு ஓர் ஆசை வந்தது. புதிதாக எழும்பும் காவற்கோபுரத்தின் ஏழாம் நிலையில் அமர்ந்து தைப் பொங்கல் உண்ண வேண்டும். ஐப்பசி பிறந்தபோது நான்கு நிலைகளே முடிந்திருந்தன. மழையோ விடாமல் கொட்டியது.

அந்த அவையில் வெண்குடை வீரசிங்கர் என்றொருவர் இருந்தார். என் முன்னோர்தான், ஒளிப்பானேன்? அரசாணை நடக்கும் இடமெல்லாம் அரசரே இருப்பதாகக் கொண்டு, அங்கே வெண்கொற்றக்குடை விரிப்பது அந்நாட்டு வழக்கம். அதைப் பிடிக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே. பிறர் கை பட்டால் எங்கள் மானம் போய்விடும். ஏழு தலைமுறையாக நாங்கள் வேறு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

அதே அவையின் விகடகவி தத்தன்மீது வீரசிங்கருக்குப் பொறாமை. குடையின் கீழ் நின்று அரசர் சிரிப்பதெல்லாம் தத்தன் பேச்சுக்குத்தான். குடை பிடித்தவரை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் கொத்தனார் அழகன் அவைக்கு வந்து கும்பிட்டார். “மகாராசா, சாரத்து மூங்கில் வழுக்குதுங்க. காத்து ஆளையே தள்ளுது. மழை விடுற மட்டும் எங்கள ஏறச் சொல்லாதீங்க. புள்ளகுட்டிக்காரங்க நாங்க.”

வீரசிங்கர் முந்திக்கொண்டார். “பிரபு! தங்கள் ஆணையைவிட மழை பெரிதா? வேலையைத் தத்தனிடம் ஒப்படையுங்கள். ஓர் ஆளும் விழாமல் அந்தப் புத்திசாலி பார்த்துக்கொள்வான்.”

“நன்று” என்றார் அரசர். “தத்தா, ஓர் ஆள் விழுந்தாலும் உன்னை நாடு கடத்துவேன். வேலையை நிறுத்தச் சொல்லி எவன் வாய் திறந்தாலும் அவனுக்கும் அதே தண்டனை.”

“உத்தரவு, பிரபு” என்றான் தத்தன்.

மறுநாள் காலை மரங்கள் பேயாட்டம் ஆடின. அரசர் மாடத்தில் நின்று பார்த்தார். கொத்தர்கள் முகம் வெளுத்துச் சாரத்தடியில் நின்றார்கள்.

“பொறுங்கள்” என்றான் தத்தன். “அரசாணை நடக்க வேண்டிய இடம் நான்காம் நிலை. அங்கே இன்னும் வெண்குடை விரியவில்லையே! ஐயா வீரசிங்கரே, தங்களுக்குச் சிரமமென்றால் குடையைக் கொத்தனாரிடம் கொடுத்துவிடலாம்.”

“கொத்தன் கையிலா? எங்கள் குடையா?”

வேறொருவராக இருந்தால் இடுப்புவலி என்றிருப்பார். அந்த அளவு அறிவு எங்கள் குலத்தில் எவருக்கும் இருந்ததில்லை. வீரசிங்கர் ஏறினார்.

முதல் தட்டில் தலைப்பாகை பறந்தது. இரண்டாம் தட்டில் பாதக்குறடு நழுவியது. மூன்றாம் தட்டில் குடைக்குள் காற்று புகுந்து, அவரை இரண்டடி மேலே தூக்கியது. கால்களால் மூங்கிலைக் கட்டிக்கொண்டார்.

“சாமி, குடைய விட்டுடுங்க!” என்று கீழிருந்து கத்தினார் அழகன்.

“மானம் போகுமடா!”

“உசுரு போயிரும் சாமி!”

அடுத்த காற்றில் மானம் தோற்றது. குடை அகழிப் பக்கம் பறந்தது. அரண்மனை மாடம்வரை கேட்கும்படி வீரசிங்கர் அலறினார்: “நிறுத்துங்கள்! வேலையை நிறுத்துங்கள்! இந்தக் காற்றில் எவனடா சாரம் ஏறுவான்!”

அழகன் இடுப்பில் கயிறு கட்டி ஏறி, அவரைக் குழந்தைபோல் இறக்கிக் கொண்டுவந்தார்.

தத்தன் மாடத்தை நோக்கி வணங்கினான். “பிரபு, ஓர் ஆளும் விழவில்லை. நிறுத்தச் சொன்னவர் நானுமில்லை, கொத்தனாருமில்லை. சொன்னவரை நாடு கடத்துவதென்றால் குடையில்லாமல்தான் அனுப்ப வேண்டும். அது அகழியில் மிதக்கிறது.”

அரசர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “தண்டனை எவருக்கும் இல்லை. காற்று அடங்கும்வரை வேலையும் இல்லை. பொங்கலைத் தரையிலேயே உண்கிறேன்” என்றார். தம் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டார்.

“இன்னொரு வரமும் வேண்டும் பிரபு” என்றான் தத்தன். “மழைக்காலத்தில் இனித் தினமும் வெண்குடையே முதலில் ஏறட்டும்.”

அப்படியே ஆயிற்று. வீரசிங்கர் அலறிய நாளெல்லாம் வேலைக்கு ஓய்வு. கோபுரம் முடிய மேலும் ஈராண்டு ஆனது. ஒருவர்கூட விழவில்லை.

எங்கள் வீட்டுச் செப்பேட்டில் ‘கோபுரப் பணியாளரைக் காத்த குலம்’ என்று பொறித்திருக்கிறது. எப்படிக் காத்தோம் என்பது அதில் இல்லை. கேட்பவர்களிடம் நாங்களும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் மட்டும் பெரிது.