இஸ்கந்தரின் சிரட்டை

உதுமான் லெப்பைக்கு அறுபது வயது. அவருடைய குரு கலந்தர் ஷெய்குக்கு நாற்பதுதான். மரக்கலங்கள் வந்துபோகும் ஒரு பட்டினத்தில், கடலைப் பார்த்தபடி ஷெய்கின் மடமான தைக்கா இருந்தது. சீடர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் எழுதத் தெரிந்தவர் லெப்பை ஒருவர்தான்.

நாலு வருஷம் உட்கார்ந்து அவர் இஸ்கந்தர் ராஜாவின் கதையை எழுதினார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யவனர்களின் ரூம் தேசத்திலிருந்து புறப்பட்டுச் சிந்து நதி வரைக்கும் பிடித்தாரே, அந்த இஸ்கந்தர். கந்தூரி விழாவுக்கு ஊரே தைக்காவில் கூடும். அந்தச் சபையில் தன் புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்பது லெப்பையின் ஆசை. வேறு ஆசை அவருக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

குறுக்கே செகு நெய்னா வந்தான்.

கப்பலில் பாய் கட்டிக்கொண்டிருந்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தைக்காவில் வந்து சேர்ந்தான். எழுத்து வாசனை கிடையாது. துறைமுகங்களில் காதில் விழுந்த இஸ்கந்தர் கதையை வாயாலேயே சொல்லுவான். மீன் விற்கிற பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். இந்தக் கந்தூரிக்கு நெய்னாவே கதை சொல்லட்டும் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது.

சிலருக்குப் பல் வரிசையாக இருந்தால் போதும், சிரித்தே ஊரை மயக்கிவிடலாம் என்று லெப்பை முணுமுணுத்தார்.

லெப்பை நேரே ஷெய்கிடம் போனார்.

“ஹஜ்ரத், நாலு வருஷத்து உழைப்பு பெரிதா, நாலு துறைமுகத்து வம்பு பெரிதா?”

“வியாழக்கிழமை புத்தகத்தைக் கொண்டுவாரும். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

வியாழக்கிழமைகளில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தைக்காவில் கஞ்சி உண்டு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டது. ஷெய்கு தன் கையாலேயே ஊற்றுவார். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை. அன்றைக்கும் எல்லாரும் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“வாசிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லும்,” என்றார் ஷெய்கு. “மற்றவர்கள் இஸ்கந்தரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?”

லெப்பைக்கு உற்சாகம் வந்துவிட்டது. வந்த கப்பலில் எல்லாம் ஏறி அவர் விசாரித்த விஷயம் அது.

“பாரசீகப் புலவர் ஒருவர், இஸ்கந்தர் எங்கள் ராஜாவுக்குப் பிறந்த பிள்ளை என்று எழுதினார். வெளியாளிடமா தோற்றோம், சொந்தச் சகோதரனிடம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.”

“பிரமிடு கட்டிய மிஸ்ருக்காரர்?”

“அவரும் விடவில்லை. எங்கள் மந்திரவாதி ராஜாவின் மகன் என்றார்.”

“கிறிஸ்தவத் துறவி?”

“ஈசா நபி பிறப்பதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவரை முழங்காலில் நிறுத்தி ஜெபிக்க வைத்துவிட்டார், ஹஜ்ரத்!”

சீடர்கள் சிரித்தார்கள். நெய்னா எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான்.

“நெருப்புக் கோயில் பூசாரி?”

“சபிக்கப்பட்டவன் என்றார். தங்கள் வேதத்தை எரித்தவனை வேறு எப்படிச் சொல்வார்?”

“நம்மவர்கள்?”

லெப்பை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சிலர், நம் வேதத்தில் வரும் நல்லடியார் இவர்தான் என்றார்கள். சிலர் அந்த நல்லடியார் வேறு, இவர் வேறு என்றார்கள்.”

“ஆக?”

“ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டார்கள். ஒன்றும் அளவாக இல்லை.”

“நீர்?”

“நான் சட்டை எதுவும் மாட்டவில்லை. அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன்.”

“வாசியும்.”

இஸ்கந்தர் ஏன் உலகத்தைப் பிடிக்கக் கிளம்பினார் என்பதுதான் முதல் அத்தியாயம். இதை வேறு யாரும் எழுதவில்லை என்பதில் லெப்பைக்குப் பெருமை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“ரூம் தேசத்தில் இஸ்கந்தர் ஓர் உஸ்தாதிடம் படித்தார். பாடத்தில் அவரே முதல். விளக்குத் துடைப்பதும் அவரே, ஏடு அடுக்குவதும் அவரே. ஒருநாள் கப்பல்காரன் மகன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். அவனுக்குப் பாடம் வராது. பல்லைக் காட்டிச் சிரிக்க வரும். அன்றைக்கு உஸ்தாத் முதல் அகப்பைக் கஞ்சியை அவன் சிரட்டையில் ஊற்றினார். நீட்டிய கையோடு இஸ்கந்தர் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கை மடங்கவே இல்லை. அந்தக் கையோடு எழுந்துபோய்த்தான் எழுபது பட்டணங்களை எரித்தார்.”

லெப்பை பக்கத்தைத் திருப்பினார்.

“லெப்பைக் காக்கா,” என்றான் நெய்னா, அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு. “நான் ரூமில் ரெண்டு குளிர்காலம் இருந்திருக்கேன். அங்கே தென்னை கிடையாதே. சிரட்டை எப்படி வந்துச்சு?”

அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு தங்கள் கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஒருவன் நெய்னாவைப் பார்த்தான். நெய்னாவும் புரிந்துகொண்டு மெதுவாக வாயை மூடிக்கொண்டான்.

லெப்பையின் காதுமடல் சிவந்தது.

“கோப்பை என்று மாற்றிவிடுகிறேன்,” என்றார். பக்கத்தைப் பின்னால் திருப்பினார். “வேண்டாம், இந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறேன்.”

“மேலே வாசியும்,” என்றார் ஷெய்கு.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை லெப்பை வாசித்தார். பட்டணங்கள், ஆறுகள், யானைப்படை எல்லாம் வந்தன. யாரும் குறுக்கே பேசவில்லை. கொட்டாவி மட்டும் விட்டார்கள்.

தொழுகை முடிந்ததும் ஷெய்கு சொன்னார்: “கந்தூரிக்கு லெப்பையின் புத்தகம்தான்.”

லெப்பை நெய்னாவை ஒரு பார்வை பார்த்தார். நாலு வருஷமாக எடுத்து வைத்திருந்த பார்வை.

“முதல் அத்தியாயம் மட்டும்,” என்றார் ஷெய்கு. “ஒரு சொல்லும் மாறக் கூடாது. நீரே வாசிக்க வேண்டும்.”

“ஹஜ்ரத், அது எதற்கு? யானைப்படை இருக்கிறது. எழுபது பட்டணம் இருக்கிறது.”

“அதெல்லாம் கப்பலில் வந்தது. சிரட்டை மட்டும்தான் நீர் எழுதியது.”

எல்லாரும் கலைந்தார்கள். நெய்னா தன் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலை நிமிராமல் போனான். லெப்பை மட்டும் எழுந்திருக்கவில்லை.

“ஒன்று கேட்கலாமா?”

“கேளும்.”

“ஐந்து வருஷத்துக்கு முன்னால். ஐப்பசி அடைமழை. வியாழக்கிழமை. அவன் வந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. நான் அப்போதே பத்து வருஷம் இந்தத் தைக்காவில் இருந்தவன். முதல் அகப்பையை ஏன் அவனுக்கு ஊற்றினீர்கள்?”

ஷெய்கு யோசித்தார். அவருக்கு நினைவில்லை.

“மழை என்றா சொன்னீர்?”

“ஆமாம். மேற்குப் பக்கக் கூரை ஒழுகியது.”

“அப்படியானால் பானையை இந்தப் பக்கம் நகர்த்தியிருப்பேன். அவன் எங்கே உட்கார்ந்திருந்தான்?”

“அந்தத் தூண் ஓரமாக.”

“நீர்?”

“வழக்கமான இடத்தில். உங்களுக்கு நேர் எதிரே.”

ஷெய்கு எழுந்து காலிப் பானையை இந்தப் பக்கம் நகர்த்தினார். பானைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அகப்பையை எடுத்து லெப்பை இருந்த பக்கம் நீட்டினார். இரண்டு முழம் குறைந்தது. தூண் பக்கம் நீட்டினார். அகப்பை தூணில் இடித்தது.

“அவன் கைக்கு எட்டியிருக்கிறான்,” என்றார்.

லெப்பை அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.” ஷெய்கு அகப்பையைப் பானைக்குள் வைத்தார். “முதல் பட்டணத்துக்குத் தீ வைப்பதற்கு முன்னால், உம்முடைய இஸ்கந்தரும் இதைக் கேட்டிருக்கலாம்.”