பின்வாசல் இல்லாத வளை

காட்டோரம் ஒரு செம்மண் மேடு. அங்கே தினைச்சி என்ற வயலெலி, தன் கணவன் கருவாலனோடு சேர்ந்து வளை தோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது நிறைமாதம். நான்கு தரம் மண்ணைத் தள்ளினால் மூச்சு வாங்கியது.

அந்த வழியாக ஒரு கொழுத்த பெருச்சாளி வந்தது.

"அடடா! இந்த நிலைமையில உனக்கு இது தேவையா தங்கச்சி?" என்றது. "மேடு முழுக்க நான் வளை தோண்டி வச்சிருக்கேன். வந்து குடியிரு! குட்டி பொறந்தா அறையைக் கூட்டிக்கோ. வளர்ந்து போனா அறையைத் திருப்பிக் கொடுத்துடு. பிடிக்கலையா, எப்ப வேணும்னாலும் கிளம்பிடலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பங்கு கடலை கொடுத்தாப் போதும்!"

"சொந்தமா ஒண்ணு இருக்கட்டுமே…" என்று கருவாலன் இழுத்தான்.

"மழையில இடிஞ்சா யாரு பார்க்கிறது? அங்க போனா அண்ணனே பார்த்துக்குவாரு!" என்றாள் தினைச்சி. பாதி தோண்டிய வளையை அப்படியே விட்டுவிட்டு இருவரும் குடியேறினார்கள்.

பெருச்சாளி சொன்னதில் பொய்யில்லை. வளை அழகாக இருந்தது. முன்னால் ஒரு வாசல். ஆபத்து வந்தால் தப்பி ஓடப் பின்னால் ஒரு வாசல். குட்டிகள் பிறந்த அன்றே அறை கூடியது. அவை வளர்ந்து பிரிந்து போனதும் அறை குறைந்தது, கடலையும் குறைந்தது. மழையில் சரிந்த இடத்தைப் பெருச்சாளியே வந்து சரிசெய்துவிட்டுப் போனது.

"பார்த்தீங்களா!" என்று தினைச்சி கணவனைச் சீண்டுவாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

இரண்டாம் ஈற்றில் மூன்று குட்டிகள். அவை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம், தினைச்சி இரை தேடிவிட்டுத் திரும்பினாள். பின்வாசலைக் காணோம்! அந்த இடம் மண்ணால் அடைபட்டுக் கெட்டியாக இருந்தது.

அவள் பெருச்சாளியிடம் ஓடினாள்.

"எல்லா வளையையும் புதுசாக்கிட்டு வர்றேன் தங்கச்சி! இனிமே பின்வாசல் தனி. வேணும்னா இன்னொரு பங்கு கடலை."

"நாங்க வந்தப்போ இருந்துச்சே அண்ணே!"

"இருந்துச்சுதான். ஆனா வளை என்னோடது இல்லையா? பிடிக்கலைன்னா கிளம்பிடலாம்னு அப்பவே சொன்னேனே!"

அந்த வருஷம் மழையே இல்லை. கடலைச் செடிகள் கருகிக் கிடந்தன. இன்னொரு பங்குக்கு எங்கே போவது? ஓடக்கூடத் தெரியாத குட்டிகளோடு எங்கே கிளம்புவது?

கருவாலன் பின்சுவரைத் தோண்ட ஆரம்பித்தான்.

தினைச்சி பதறினாள். "வேண்டாங்க! சுவருல கை வச்சது தெரிஞ்சா நம்மளை வெளியே தள்ளிடுவாரு. ஒரு மழை வரட்டும். கடலையைக் கொடுத்தே வாங்கிக்கலாம்."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, தினைச்சி."

"சொன்னாக் கேளுங்க!"

அவள் பேச்சை அவன் தட்டியதே இல்லை. காலில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டுக் குட்டிகளின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வாசல் வெளிச்சம் சட்டென்று மறைந்தது. சாரைப்பாம்பு!

"நீ தோண்டு!" என்று கத்திக்கொண்டே கருவாலன் அதன் முகத்தின் மேல் பாய்ந்தான்.

அவன் விட்ட இடத்தில் தினைச்சி வெறிபிடித்தவள்போல் பறித்தாள். பின்னால் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும். கொஞ்சம் பறித்ததுமே மண் பொலபொலவென்று உதிர்ந்து வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான் பாக்கி இருந்திருக்கிறது! குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே விட்டாள்.

"வாங்க! வழி ஆயிடுச்சு! வந்துடுங்க!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் பெருச்சாளி வந்தது. "கேள்விப்பட்டேன் தங்கச்சி. மனசே ஆறலை" என்றது. உண்மையாகவே அதன் கண் கலங்கியிருந்தது. பிறகு, "இப்ப ஒரு ஆள் குறைவுதானே? சின்ன வளைக்கு மாறிக்கோ. கடலையும் குறையும்" என்றது.

தினைச்சி அதன் முகத்தையே பார்த்தாள்.

"நாங்க கிளம்புறோம்" என்றாள்.

"அதுக்கென்ன, தாராளமா!" என்றது பெருச்சாளி.

மேட்டுக்குக் கீழே ஒரு காரைப் புதரடியில் அவள் தோண்டத் தொடங்கினாள். மண் காய்ந்து கல்லாய்க் கிடந்தது. தோண்டும் வேலையே விட்டுப்போயிருந்த கால்கள் சீக்கிரமே ஓய்ந்தன. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"ஏம்மா நீ கஷ்டப்படுறே?" என்றது கடைக்குட்டி. "அப்பா வந்து தோண்டட்டுமே!"

தினைச்சி குட்டிகளுக்கு முகம் தெரியாதபடி குழிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, விம்மி விம்மித் தோண்டினாள்.

உயிர் தப்பும் வழியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், அது எந்த நாளில் அடைபடும் என்பதையும் அவரே தீர்மானிப்பார்.