கல்லடிப் பூச்சிகள் காலி செய்த மடு

ஆற்று மடுவில் ஒரு கெண்டை மீன் வயிறு நிறைய முட்டையோடு தவித்தது. பொழுது சாய்வதற்குள் முட்டையிட்டாக வேண்டும்.

மீன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூழாங்கல்லுக்கு அடியில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்குத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவை இருக்கும் இடத்தில்தான் மீன்கள் முட்டையிடும்.

கெண்டை ஒவ்வொரு கல்லாக முட்டிப் பார்த்தது. ஒரு பூச்சிகூட இல்லை!

கரையில் மடுவின் தலைவர் தவளை உட்கார்ந்திருந்தது.

"தலைவரே, கல்லடிப் பூச்சிங்க எல்லாம் எங்கே?"

"அதுங்களா! தண்ணி நாறுது, மூச்சு முட்டுதுன்னு ஒரே புலம்பல். பிடிக்கலேன்னா கிளம்புங்கன்னேன். போயிட்டாங்க!"

"ஐயோ! தண்ணி அவ்வளவு மோசமா? உங்களுக்குத் தெரியலையா?"

"நான் எங்கே இறங்கினேன்? உடம்பு சரியில்லேன்னு கரையிலேயே கிடக்கேன். ஆனா அங்கே பாரு! பத்துப் பேர் போனா ஆயிரம் பேர் வந்திருக்காங்க. கெட்டுப்போன ஆத்துக்கு இவ்வளவு கூட்டம் வருமா?"

கெண்டை கீழே பார்த்தது. சேறு முழுக்கச் செம்புழுக்கள்! அன்றைக்குத் தவளைக்குப் பாராட்டு விழாவாம். ஒரு பெரிய புழு பாசியை இழுத்து வந்து பொன்னாடையாகப் போர்த்தியது.

"ஆற்றை வாழவைத்த தலைவர் வாழ்க!"

கைதட்டக் கையில்லாததால் புழுக்கள் எல்லாம் நெளிந்தன. தவளை கண்ணை மூடி ரசித்தது.

கெண்டைக்கு மனசு கேட்கவில்லை. ஓரமாக இருந்த ஒரு பொடிப் புழுவிடம் போய், "தம்பி, உனக்கு இந்தத் தண்ணி பிடிச்சிருக்கா?" என்று கேட்டது.

"ரொம்ப பிடிச்சிருக்கு அக்கா! எங்க சொந்த ஊரு மாதிரியே இருக்கு!"

"எதுப்பா உங்க ஊரு?"

"டவுன் சாக்கடை! அதை இப்போ இங்கே திருப்பி விட்டுட்டாங்க இல்ல? அதோடயே வந்துட்டோம்!"

தவளை ஒரு கண்ணைத் திறந்தது. "சின்னப் பையன் உளறுறான்! அடுத்த பேச்சாளரைக் கூப்பிடுங்க!"

கெண்டை நிற்கவில்லை. மலையிலிருந்து வரும் ஓடைப் பக்கம் திரும்பியது. வயிறு கனத்தது. எதிர்த்து வந்த தண்ணீர் பின்னுக்குத் தள்ளியது. கல்லில் உரசிச் செதில் பெயர்ந்தது. இருட்டுவதற்குள், கல்லடியில் பூச்சிகள் ஒட்டியிருந்த தெளிந்த தண்ணீரில் முட்டையிட்டு முடித்தது.

அங்கே குஞ்சுகள் பொரிந்து வாலாட்டத் தொடங்கியபோது, மடுவில் தவளைக்கு இரண்டாவது பாராட்டு விழா நடந்தது. புழுக்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை. வருவதற்கு யாரும் மிச்சமில்லை.

ஓரிடம் நல்ல இடமா என்று அறிய, வந்து சேர்ந்த கூட்டத்தைப் பார்க்காதே. விட்டுப் போனவர்கள் யாரென்று பார்.