பாதி பாதியான கழுத்துத்துண்டு

இதை எனக்கு முதலில் சொன்னவள் செண்பகவல்லி அக்கா. என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்த கார்த்திகை மாதம், தையல் வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவள். மழைக்குக் கரண்ட் போய் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னாள்.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். புறாக்களுக்கு வெறும் கழுத்துதான். ஓர் இலுப்பை மரத்தில் தாய்ப்புறா ஒன்றும் அதன் இரண்டு பெண்களும் இருந்தார்கள். மூத்தவள் வடிவு, இளையவள் பவுனு. தாய்க்கு வயதாகிவிட்டது. வாடைக் காற்று வந்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடுங்குவாள். போன வருடம் பிழைத்ததே கடவுள் புண்ணியம்.

“அம்மாவுக்குக் கழுத்துல சுத்திக்க ஒரு துண்டு தைப்போம்டி,” என்றாள் வடிவு.

ஒட்டுத்துணி தேடிப் பறந்தார்கள். ஆட்டுக்காரர் கம்பளியின் கருப்பு ஓரம் கிடைத்தது. சாமியார் ஒருவர் கிழித்துப்போட்ட காவித்துணி கிடைத்தது. நெசவுக்காரர் வாசலில், கஞ்சி வாசனை மாறாத வெள்ளைக் கோடித்துணியும் கிடைத்தது. வெள்ளையை வடிவு விட்டுக்கொடுக்கவில்லை. பவுனு காவியை எடுத்துக்கொண்டாள். கருப்பு இருவருக்கும் பொது. ஆளுக்கொரு முனையிலிருந்து கட்டம் கட்டமாகத் தைத்து, நடுவில் கொண்டுவந்து சேர்ப்பது என்று பேச்சு.

ஊசியை இரவல் கொடுத்தது தையல்சிட்டு. அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏ வடிவு, கோடித்துணியை நனைச்சுக் காயப்போட்டியா? இல்லாட்டி முதல் மழையிலேயே சுருங்கிடும். பவுனைப் பாரு, அலசிக் காயவெச்சுட்டுத்தான் ஊசியையே தொட்டா.”

“நனைச்சா கஞ்சி போயிடும், மினுமினுப்பும் போயிடும். இலையைத் தைக்கிறவளுக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்?”

“அதுவும் சரிதான் தாயி. ஆனா என் இலை சுருங்கினா நான் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்ட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுச் சிட்டு பறந்துவிட்டது.

துண்டு முடிந்தது. தாய் அதைச் சுற்றிக்கொண்டு குளத்துத் தண்ணீரில் குனிந்து குனிந்து பார்த்தாள்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேனாடி? இந்த வெள்ளை யார் தைச்சது, கண்ணைப் பறிக்குதே!”

வடிவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் மழை பிடித்தது. வெள்ளைக் கட்டங்கள் நனைந்து சுருங்கின, மற்றவை சுருங்கவில்லை. துண்டு முறுக்கிக்கொண்டு தாயின் கழுத்தை இறுக்கியது. அவள் இரும ஆரம்பித்தாள். பெண்கள் இரண்டு பேரும் பதறிப்போய்க் கழற்றினார்கள்.

பார்த்த உடனே வடிவுக்குத் தெரிந்துவிட்டது, தன் முனைதான் என்று. சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததோ வேறு.

“எல்லாம் உன் காவித்துணியால வந்த வினை. பழசைக் கொண்டுவந்து சேர்த்தா இப்படித்தான்.”

“என் பக்கத்தைத் தொட்டுப் பாருக்கா. சுருங்கியிருக்கா, சொல்லு.”

“எதிர்த்துப் பேசாதே! குடு, பிரிச்சுத் தைக்கிறேன்.”

“கோபத்துல அறுத்துடுவே. நானே பிரிக்கிறேன், விடுக்கா!”

வடிவு விடவில்லை. அலகால் கவ்வி ஒரே இழு. நடுத்தையல் பிரிந்து துண்டு இரண்டாகப் போனது.

மறுபடி தைக்கலாம் என்றால் ஊசி சிட்டிடம் போய்விட்டது. கொட்டுகிற மழையில் சிட்டை எங்கே தேடுவது? வடிவு தாய்க்குப் பின்னால் உட்கார்ந்து தன் பாதியைப் பிடரியில் அணைத்துப் பிடித்தாள். பவுனு முன்னால் உட்கார்ந்து தன் பாதியைத் தொண்டையில் பிடித்தாள். இரண்டு பக்கமும் இருந்த இடைவெளியில் ஈரக்காற்று புகுந்துகொண்டே இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ஏண்டி, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்குங்களேன்,” என்றாள் தாய். “எனக்கு அதுவே கதகதப்பா இருக்கும்.”

பவுனு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். ‘தப்பு என்னுதுதாண்டி’ என்று சொல்லத்தான் வடிவும் வாயெடுத்தாள். “க்ரூ…” என்று ஒரு சத்தம் தொண்டையில் புரண்டது, நின்றுவிட்டது. அந்த நேரத்தில் கடவுள் அவள் வாயைத் திறந்துவிட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்ளும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாயின் தலை சாய்ந்துவிட்டது.

பவுனு, தாய்க்குப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே தன் பாதியைத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, பொட்டல்காட்டுப் பக்கம் பறந்து போனாள். வடிவு தன் பாதியைப் பிடரியில் போட்டுக்கொண்டாள். தங்கையைக் கூப்பிடத்தான் பார்த்தாள். அதுவும் பாதியில் நின்றது.

அன்று முதல்தான் புள்ளிப்புறாவுக்குப் பிடரியில் மட்டும் கருப்பும் வெள்ளையும். சின்னத் தவிட்டுப்புறாவுக்குத் தொண்டையில் மட்டும் காவியும் கருப்பும். ஒன்றுக்கும் துண்டு முழுச் சுற்று வருவதில்லை. புள்ளிப்புறா இன்னமும் எதையோ சொல்ல ஆரம்பிக்கிறது, நிறுத்துகிறது, திரும்ப ஆரம்பிக்கிறது.

அந்த இரண்டு புறாக்களும் ஒரே இடத்தில் தானியம் பொறுக்குவதை எப்போதாவது பார்த்தால், கை தட்டி விரட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.