அண்ணாச்சி ஒட்டின டேப்

பாளையங்கோட்டையில் புது நகைக்கடை கட்டிய வைரவசுந்தரம் அண்ணாச்சிக்கு எதையும் தன் கையால் தொடங்கிவைத்தால்தான் தூக்கம் வரும். ஜிப்சம் போர்டு சுவர் வேலையையும் அப்படித்தான் தொடங்கினார். இரண்டு போர்டு சேரும் இடத்தில், "இதென்ன பெரிய வித்தையா?" என்று அடியில் பசையைப் பேருக்குத் தடவி, இடைவெளியை மூடும் காகித டேப்பில் முதலாவதை ஒட்டி, மாலையும் கழுத்துமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பார்த்தால், அந்த இடம் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"ஏல சுடலைமணி, எவன்ல இதை ஒட்டினான்? நாளைக்குள்ள உப்பல் கண்ணுல படக்கூடாது. புதுச் சுவர்ல பிளேடும் படக்கூடாது, அபசகுனம்! முடியலேன்னா கூலி கிடையாது!" என்று, தான் ஒட்டினதையே மறந்து கத்தினார் அண்ணாச்சி.

உப்பலைக் கீறி, உள்ளே பசை வைத்து அழுத்தினால்தான் அது அடங்கும். வேலைக்காரன் சுடலைமணி தலையைச் சொறிந்தான். "சரி அண்ணாச்சி, பிளேடு படாமலே முடிச்சிருதேன்."

மறுநாள் உப்பலைக் காணோம். அங்கே பெரிய சட்டத்துக்குள் அண்ணாச்சி டேப் ஒட்டும் போட்டோ தொங்கியது. வந்தவர்கள் புகழப் புகழ அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

"நிசமாவே நீங்க ஒட்டினதா?" என்றார் சம்பந்தி.

"பின்னே? இதே இடந்தான், என் கையால!" என்று அண்ணாச்சி படத்தைக் கழற்றிக் காட்டினார்.

பின்னால் அந்தப் பூரி உப்பல் அப்படியே இருந்தது.

சுடலைமணி பணிவாகப் பிளேடை நீட்டினான். "அண்ணாச்சி, இதையும் நீங்களே தொடங்கிவைங்க."