நகம் இறங்காத சுரைக்காய்

முன்னொரு காலத்தில், சட்டிக்கும் பானைக்கும் வாய் இருந்த காலத்தில், வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கொல்லை இருந்தது. கொல்லைக்குக் கொல்லை பூசணியும் அவரையும் கத்தரியும் வாழையும் இருந்தன. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனால் குழம்புக்குக் காய் கிடைக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அங்கே ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். பெயர் கரிவிரலான். வலது கையின் சுட்டுவிரல் மட்டும் அடுப்புக்கரி போல் கறுத்திருக்கும். அந்த விரலை நீட்டி எந்தப் பிஞ்சைக் காட்டினாலும் சரி, அது வெம்பும், சுருங்கும், உதிரும். தெருத் தெருவாக நடந்தான். பூசணியைக் காட்டினான். வெம்பியது, சுருங்கியது, உதிர்ந்தது. அவரையைக் காட்டினான். வெம்பியது, சுருங்கியது, உதிர்ந்தது. கடைசியில் கொல்லைகளின் மண்ணையே காட்டினான். அந்த மண்ணுக்குள் இருந்த விதைகள் எல்லாம் தூங்கிப்போயின.

பிறகு மகரகேது மன்னரிடம் போய், "மன்னா, மக்கள் பட்டினி கிடக்கிறார்கள். அரண்மனைத் தோட்டத்தை என்னிடம் கொடுங்கள், நான் சோறு போடுகிறேன்" என்றான். மன்னரும் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் தெருத்தெருவாகக் காய்வண்டி வந்தது. காய்கள் பெரியவை, பளபளப்பானவை. ஆனால் ஒன்றிலும் விதை இல்லை. வாங்குகிறவர்கள் வாசலில் குனிந்து நின்று, "விரல் வாழ்க! விரல் வாழ்க! விரல் வாழ்க!" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். குரல் தாழ்ந்தால் ஒரு காய் குறையும்.

குயவர் தெருவில் பவளாயி என்று ஒரு பெண். பதினேழு வயது. அப்பா சடையன், பானை வனைகிறவர். பவளாயிக்குக் குனிவது பிடிக்காது. ஆனாலும் குனிந்தாள். அப்பா சாப்பிட வேண்டுமே.

ஒருநாள் வீட்டைத் துடைக்கும்போது, உத்தரத்தில் தொங்கிய பழைய சுரைக்குடுவை கைபட்டுக் கீழே விழுந்தது. உள்ளே ஏதோ கலகலத்தது. கழுத்துப் பகுதியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். சிக்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு விதை உள்ளங்கையில் வந்து விழுந்தது. மந்திரவாதி மண்ணைக் காட்டியபோது அது உத்தரத்தில் இருந்தது. அதனால் அது தூங்கவில்லை.

"நமக்கு எதுக்கும்மா வம்பு? அடுப்புல போட்டுடு" என்றார் சடையன்.

"ஒன்னே ஒன்னுதாம்பா இருக்கு. நாடு முழுக்கத் தேடினாலும் இன்னொன்னு கிடைக்காது. நான் போட மாட்டேன்."

பாத்திரம் தேய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில், அரிசி கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், அதை ஊன்றினாள். மூன்றாம் நாள் மண் விரிந்தது. ஐந்தாம் நாள் இரண்டு இலை. பந்தல் போட்டாள். கொடி ஏறியது.

கண் படாமல் இருக்க ஒரு சட்டியை எடுத்துக் கரி பூசி, சுண்ணாம்பால் முகம் வரைந்து, பந்தல் காலில் கவிழ்த்தாள். முழி பெரிதாக வந்தது. பல் கோணலாக வந்தது.

"ஏம்மா, உனக்குப் பல்லே வரைய வரலையா?" என்றது சட்டி.

பவளாயி கையிலிருந்த சுண்ணாம்புக் கிண்ணம் நழுவி விழுந்தது.

"பயப்படாதே. கோணல் பல்லனைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? யார் கண் பட்டாலும் நான் வாங்கிக்கொள்வேன். அது என் வேலை. விரலை மட்டும் என் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது."

"அப்ப விரலுக்கு என்ன வழி?"

"பிஞ்சுதான் விரலுக்கு அடங்கும். முற்றிய காய் அடங்காது. நகம் இறங்காத காயில் மந்திரமும் இறங்காது. பூத்ததிலிருந்து நாற்பது நாள் தாங்குவாயா?"

"தாங்குவேன்."

"பல்லைத் திருத்தி வரைவாயா?"

"காய் முத்தட்டும், வரையறேன்."

கொடி பூத்தது. சாயங்காலத்தில் விரியும் வெள்ளைப் பூ. அதில் இரண்டு வகை இருப்பதைப் பவளாயி கவனித்தாள். ஒன்று நீண்ட காம்பில் நிமிர்ந்து நிற்கும், காம்பு வெறும் காம்புதான். இன்னொன்று இலைக்கடியில் ஒதுங்கி நிற்கும், அதன் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருக்கும். தேனீக்கள் அந்த நாட்டை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அவளே நிமிர்ந்த பூக்களில் ஒன்றைப் பறித்து, அடியில் இருந்த மூன்று பூக்களிலும் மெல்ல ஒற்றினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரிவிரலான் வந்தான். பூ வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"யாரைக் கேட்டுக் கொடி போட்டாய்?"

"இது என் கொல்லை. இங்கே விரல் நீட்டாதே!"

அவன் சிரித்தான். மேலே நிமிர்ந்து நின்ற பூக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினான். வெம்பின, சுருங்கின, உதிர்ந்தன. இலைக்கடியில் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. வாழ்நாளில் ஒரு செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாதவன். எந்தப் பூ காய்க்கும், எந்தப் பூ காய்க்காது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"முடிந்தது உன் தோட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பவளாயி பொய் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மூன்று பிஞ்சும் வளர்ந்தன. விரல் நீளம், பிறகு சாண் நீளம். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பார்த்த சந்தோஷத்தில், "அடியே பவளாயி! சுரைக்காய்டி அது! அதோ, அதோ!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது காய்வண்டிக்காரன் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் கரிவிரலான் வந்தான்.

"இது என் கொல்லை. இங்கே விரல் நீட்டாதே!"

நீட்டினான். முதல் பிஞ்சு வெம்பியது, சுருங்கியது, உதிர்ந்தது. இரண்டாவதும் வெம்பியது, சுருங்கியது, உதிர்ந்தது. மூன்றாவதை நோக்கி விரல் திரும்புவதற்குள் பவளாயி பந்தல் காலிலிருந்த சட்டியைப் பிடுங்கி, அந்தப் பிஞ்சைச் சட்டிக்குள் நுழைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விரல் சட்டிக்கு நேராக நின்றது.

"கூசுதுப்பா" என்றது சட்டி.

"வெம்பு!" என்று கத்தினான் கரிவிரலான்.

"நான் ஏற்கெனவே சூளையில் வெந்தவன். என்னை வெம்ப வைக்க முடியாது. வேண்டுமானால் கோணல் பல்லை நேராக்கிவிட்டுப் போ."

கரிவிரலான் முகம் சிவந்தது. "சட்டியை எடு!" என்றான்.

"எடுக்க மாட்டேன்."

"எடு!"

"மாட்டேன்."

"எடுக்கிறாயா இல்லையா?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன்!"

அவன் வாசலுக்குப் போய், தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னான்: "இந்தக் கொடியைப் பிடுங்கிப் போடும்வரை குயவர் தெருவுக்குக் காய்வண்டி வராது!"

பவளாயி சட்டியை அப்படியே பந்தலோடு சேர்த்துக் கட்டிவைத்தாள். வண்டி வரவில்லை. முதல் வாரம் கஞ்சியும் உப்பும். இரண்டாம் வாரமும் கஞ்சியும் உப்பும். மூன்றாம் வாரம் தெருவே திரண்டு பவளாயி வீட்டுக்கு வந்தது.

"ஒரு காய்க்காக ஊரே காயணுமா?" என்றார் ஒருவர்.

"அறுத்துக் குழம்பு வை புள்ள. இப்பவே சட்டி நிறையக் காய் இருக்கு, ஆளுக்கு ரெண்டு துண்டு வரும்" என்றார் இன்னொருவர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பவளாயிக்கும் பசித்தது. சடையன் இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. கதவுக்கு வெளியே குழந்தைகள் அழுதன. தான் செய்வது சரிதானா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அரிவாள்மணையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்கு அறுத்தா இன்னைக்குக் குழம்பு. நாளைக்குக் காலையில வாசல்ல குனிஞ்சு நிக்கணும். நான் அறுக்க மாட்டேன். நீங்க அறுக்கிறதா இருந்தா என்னைத் தாண்டிப் போய் அறுத்துக்கோங்க."

யாரும் நகரவில்லை. சிட்டம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எல்லோரும் அவள் கொல்லைக்குள் போகப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பவளாயி பக்கத்தில் வந்து திரும்பி நின்றாள்.

"என் வாயாலதான் இவ்வளவும். வண்டி நிக்கக் காரணம் நான். வையிறதா இருந்தா என்னை வையுங்க. இந்தா புள்ள, காய்தானே அறுக்கக் கூடாது? கொடியில இலை இருக்கே?"

எல்லோரும் கொல்லைக்குள் போனார்கள். அன்று கொழுந்து இலைகளைக் கிள்ளிப் பொரியல் செய்தார்கள். சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த குப்பைக்கீரையையும் பறித்தார்கள். யாரும் நடாத கீரையைக் கரிவிரலான் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. ருசி சுமார்தான். ஆனால் யாரும் குனிந்து வாங்கவில்லை.

நாற்பதாம் நாள், மகரகேது மன்னரையே அழைத்துக்கொண்டு கரிவிரலான் வந்தான். பின்னால் நூறு வீரர்கள். கொடியின் இலைகள் பழுத்து உதிர்ந்திருந்தன. தண்டு காய்ந்த கயிறு மாதிரி கிடந்தது. கரிவிரலான் கைகொட்டிச் சிரித்தான்.

"பாருங்கள் மன்னா! நான் தொடாமலே செத்துவிட்டது. இதற்காகவா தெருவைப் பட்டினி போட்டாள்?"

"சாகல. வேலை முடிஞ்சு போச்சு, அதான் காயுது" என்றாள் பவளாயி. சட்டியை மெல்ல உருவினாள். உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒரு சுரைக்காய் தொங்கியது.

"இது என் கொல்லை. இங்கே விரல் நீட்டாதே!" என்றாள். இந்த முறை அவள் மட்டும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தெரு முழுவதும் சொன்னது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சடையன் சொன்னார்.

கரிவிரலான் விரலை நீட்டினான். காய் வெம்பவில்லை. மறுபடி நீட்டினான். சுருங்கவில்லை. மூன்றாவது முறையும் நீட்டினான். உதிரவில்லை.

"கிட்டப் போய்த்தான் பாரேன், முற்றியதா முற்றாததா என்று" என்றது சட்டி.

அவமானம் தாங்காமல் அவன் ஓடிப்போய், அந்தக் கறுத்த விரலின் நகத்தைச் சுரைக்காயில் அழுத்தினான். சந்தையில் பிஞ்சா முற்றலா என்று பார்க்க எல்லோரும் செய்வதுதான். நகம் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். 'டக்' என்று நகம் ஒடிந்தது. ஒடிந்த இடத்தின் வழியாகக் கறுப்பு முழுவதும் சொட்டுச் சொட்டாக வடிந்து மண்ணுக்குள் போனது. பார்த்தால், அது எல்லோருடைய விரலையும் போல ஒரு சாதாரண விரல்.

அதே நொடியில் அரண்மனைத் தோட்டத்துக் காய்கள் காற்றுப் போன பைகளாகச் சுருங்கின. நாடெங்கும் மண்ணுக்குள் தூங்கிய விதைகள் கண் விழித்தன. சிட்டம்மாள் வீட்டு வேலியோரம் ஒரு பூசணி மண்ணை நீக்கிக்கொண்டு தலை தூக்கியதை மன்னரே பார்த்தார்.

பவளாயி சுரைக்காயைப் பறித்து மன்னரின் காதருகே ஆட்டினாள். கலகலவென்றது.

அதில் ஆயிரம் விதை இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு சுரைக்காயில் ஆயிரம் இருக்காது. முந்நூறு இருந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் விடுபடாமல் கொடுக்க அது போதுமானதாக இருந்தது.

"பெண்ணே, ஏமாந்தது நான். அரண்மனைத் தோட்டம் முழுவதும் இனி உனக்கு. வேறு என்ன வேண்டும்?" என்றார் மன்னர்.

"தோட்டம் வேண்டாம் மன்னா, எனக்கு என் கொல்லை இருக்கு. அதைத் தெருத்தெருவாப் பிரிச்சுக் கொடுங்க. ஒரு சட்டம் மட்டும் போடுங்க. யார் கொல்லையிலயும் யாரும் விரல் நீட்டக் கூடாது. நீங்களும்தான்."

வீரர்கள் திடுக்கிட்டார்கள். மன்னர் தன் விரலை ஒருமுறை பார்த்தார். பிறகு மடக்கிக்கொண்டார். சட்டம் வந்தது.

கரிவிரலானுக்கு ஒரு குடம் கொடுக்கப்பட்டது. குயவர் தெருவின் எல்லாக் கொல்லைக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று தீர்ப்பு. முதல் வருடம் முணுமுணுத்தான். இரண்டாம் வருடம் ஒரு பூசணிப் பிஞ்சைச் சிட்டம்மாளுக்குக் காட்ட விரலை நீட்டப் போனவன், தானாகவே மடக்கி, மடக்கிய விரலால் காட்டினான்.

பவளாயி சொன்ன சொல் மாறாமல் சுண்ணாம்புக் கிண்ணத்தோடு வந்தாள். "வா, பல்லைத் திருத்தறேன்."

"வேண்டாம், இந்தப் பல்லோடுதானே ஜெயித்தேன்" என்றது சட்டி.

அது இன்னும் அந்தப் பந்தல் காலில்தான் இருக்கிறது, முழித்துக்கொண்டு, இளித்துக்கொண்டு. கேட்டு முடித்தவர்கள் எழுந்து கொல்லைக்குப் போங்கள். கொடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு காயையாவது முற்ற விடுங்கள். யார் வந்து கேட்டாலும் அதை அறுக்காதீர்கள்.