மலேசியாவில் ஒரு சொந்த வீடு

கீழப்பனையடிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். மற்றபடி அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருக்கும் தங்கப்பழத்துக்கு இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எந்நேரமும் மாவுத் தூசியிலயே கிடக்கீரு. எங்கயாவது போயிக் கொஞ்சம் காத்து மாத்திட்டு வாரும்" என்றார். தங்கப்பழம் நேராகப் பஞ்சர் கடைக்குப் போனார். மோட்டார் சைக்கிள் டயர் இரண்டிலும் இருந்த பழைய காற்றைப் பிடுங்கிவிட்டுப் புதுக் காற்று அடித்துக்கொண்டு வந்தார். இருமல் நிற்கவில்லை.

"டயருக்கு இல்லீங்க, உங்களுக்குத்தான் காத்து மாத்தச் சொல்லியிருக்காரு. வெளியூர் போகணும்" என்று விளக்கியவர் அவருடைய மனைவி செல்லக்கனி. அந்தக் குடும்பத்தில் அவர்தான் விவரமானவர். மில்லில் தொங்கிய காலண்டரில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் இருந்தது. அதை நேரில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அதனால் மலேசியா என்று முடிவாயிற்று. துணைக்கு செல்லக்கனியின் தம்பி சுடலைமுத்து கிளம்பினான். அவன் ஏற்கெனவே மெட்ராஸ் போய் வந்தவன். பயண விஷயத்தில் அவன் சொல்வதுதான் சட்டம்.

விமான நிலையத்தில் சோதனை செய்கிறவர் சுடலைமுத்துவின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். விமானத்துக்குள் போனதும் பணிப்பெண் வந்து, "பெல்ட்டைப் போடுங்க" என்றாள். சுடலைமுத்து எழுந்து நின்று பையைத் துழாவித் தன் பெல்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"கழத்தச் சொன்னதும் இவங்கதான், போடச் சொன்னதும் இவங்கதான். ஒரு முடிவுக்கு வரமாட்டேங்காங்க அத்தான்" என்றான்.

"பெரிய இடம் மாப்ளே. அப்படித்தான் இருக்கும்" என்றார் தங்கப்பழம்.

கோலாலம்பூரில் அவர்களை அழைத்துப்போக லோகேஸ்வரி என்ற வழிகாட்டிப் பெண் வந்திருந்தாள். அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை. கையில் ஒரு மஞ்சள் கொடி. பஸ்ஸில் ஏறிய எல்லோரையும் பார்த்து, "அங்கிள், ஆண்டி, இங்க கூட்டம் ரொம்ப இருக்கும்லா. இந்தக் கொடிய விட்டுக் கண்ண எடுக்காதீங்க. அப்புறம் வரிசைல இடிச்சுக்கிட்டு நிக்காம, பின்னால வர்றவங்களுக்கு வழி விடுங்க" என்றாள்.

மூவரும் தலையாட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் பஸ் நின்றது. மற்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆவென்றார்கள். நம்முடைய மூவர் கொடியைப் பார்த்தார்கள். லோகேஸ்வரி கொடியை இடது பக்கம் சாய்த்தால் மூன்று தலையும் இடது பக்கம் சாய்ந்தது. "கோபுரத்தப் பாருங்க ஆண்டி!" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். செல்லக்கனி கண்ணை எடுக்காமல், "அந்தப் பிள்ளை இன்னும் சொல்லலையே" என்றார்.

அடுத்து, மேல்தளத்துக்குப் போகிற லிப்டுக்கு வரிசை. மூவரும் நின்றார்கள். பின்னால் ஒரு ஜப்பான் குடும்பம் வந்தது. வழி விட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்தது. வழி விட்டார்கள். ஒவ்வொருவரும் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பக் குனிந்து குனிந்து தங்கப்பழத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரம் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அத்தான், இப்ப நாம போகலாம்ல?" என்றான் சுடலைமுத்து.

தங்கப்பழம் யோசித்தார். "பின்னால யாரும் இல்லேன்னா என்ன அர்த்தம்? நாமதான் பின்னால வர்றவங்க."

"ஆமா."

"பின்னால வர்றவங்களுக்கு வழி விடணும்."

"அப்ப நமக்கு நாமே வழி விடணுமா?"

இது சிக்கலான விஷயம் என்பதால் மூவரும் ஒதுங்கி நின்று பேசினார்கள். முதலில் தங்கப்பழம் விலகி மைத்துனனுக்கு வழி விட்டார். மைத்துனன் விலகி அக்காவுக்கு வழி விட்டான். அக்கா விலகிப் புருஷனுக்கு வழி விட்டார். லிப்டுக்காரர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

லோகேஸ்வரி ஓடி வந்தாள். "அங்கிள்! எல்லாரும் ஏறி இறங்கி பஸ்ஸுக்குப் போயாச்சு. நீங்க இன்னும் போகவே இல்லையா?"

"ஊரே போயிருச்சும்மா. எல்லாரையும் அனுப்பி வச்சுட்டோம்" என்றார் தங்கப்பழம் களைப்போடு.

அவள் தலையில் அடித்துக்கொண்டு, கொடியைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தபடி வெளியே நடந்தாள். பார்ப்பதற்குக் கொடி இல்லாமல் போனதால் செல்லக்கனியின் கண் தானாக மேலே போனது. விளக்குப் போட்டு, வெள்ளியில் வார்த்தது மாதிரி இரண்டு கோபுரமும் வானத்துக்கு நின்றன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, இங்க பாருங்க! இம்புட்டு உசரத்த எப்பங்க கட்டினாங்க? காலைல வந்தப்ப இல்லையே!"

"சீனாக்காரன் காண்ட்ராக்ட் எடுத்திருப்பான்க்கா. சடசடன்னு வேலைய முடிச்சிருவானுக" என்றான் சுடலைமுத்து.

மறுநாள் பயணம் ஒரு கிராமத்துக்கு. பட்டணத்தைப் பார்த்த கண்ணுக்குக் கிராமத்தையும் காட்டுவது அந்தச் சுற்றுலாவின் சிறப்பு. வயல், தென்னை, கால் ஊன்றி நிற்கிற மர வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம் தங்கலாம். நம் ஆட்களுக்கு வாய்த்தது ஒஸ்மான் என்ற பெரியவருடைய வீடு. அவரும் மனைவி ஜைத்தூனும்தான் அங்கே இருந்தார்கள். முன்னால் மரப்படி, பூட்டுப் போட்ட கதவு. பின்னால் கதவே கிடையாது, கோழிகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒஸ்மான் இளவயதில் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வேலை செய்தவர். அவருக்கு 'வாங்க', 'சாப்பிடுங்க', 'சரி சரி' என்ற மூன்று சொற்கள் ஞாபகம் இருந்தன.

லோகேஸ்வரி வீட்டுச் சாவியைத் தங்கப்பழத்தின் கையில் கொடுத்தாள். "அங்கிள், கூச்சப்படாதீங்க. இது உங்க சொந்த வீடு."

பஸ் போனதும் தங்கப்பழம் சாவியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார்.

"மாப்ளே, வீடு நம்ம வீடாம்."

"காதால கேட்டேன் அத்தான்."

"அப்ப இந்தப் பெரியவரும் அந்தம்மாவும் யாரு?"

செல்லக்கனி நிதானமாகச் சொன்னார்: "வீடு நம்ம வீடுன்னா அவங்க விருந்தாளிங்க. இதுல என்ன யோசனை?"

அதன்பிறகு குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டார்கள். செல்லக்கனி முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து அரிசிமாவில் கோலம் போட்டார். கோழிகள் வந்து புள்ளி தவறாமல் தின்றன. சுடலைமுத்து சொந்த வீட்டில் மத்தியானத்துக்கு முன்னால் எழுந்திருக்கிற வழக்கம் இல்லாதவன். ஆகவே படகு சவாரிக்குக் கூப்பிட வந்தவர்களைப் போர்வைக்குள்ளிருந்தே திருப்பி அனுப்பினான். தங்கப்பழம் அடுத்த வீட்டு வேலியை அளந்து பார்த்து, அது நம் பக்கம் ஒரு சாண் தள்ளி வந்திருப்பதாக அந்த வீட்டுக்காரரிடம் தமிழில் சண்டை போட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பசி போலிருக்கிறது என்று ஒரு தட்டு நிறைய வாழைப்பழ அப்பம் கொண்டுவந்து கொடுத்தார். "தப்பு தன் பேர்லதான்னு தெரிஞ்சு போச்சு" என்று தங்கப்பழம் அப்பத்தைத் தின்றார்.

சந்தைக்குப் போன ஒஸ்மான் மீன் பையோடு படியேறினார். தங்கப்பழம் வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க!" என்று கைகூப்பினார்.

"வாங்க, வாங்க!" என்றார் ஒஸ்மானும், தெரிந்த சொல் கிடைத்த சந்தோஷத்தில்.

"இதுக்கெல்லாம் எதுக்குச் செலவு பண்ணிக்கிட்டு?" என்று தங்கப்பழம் மீனை வாங்கி உள்ளே கொடுத்தார்.

"சரி, சரி" என்றார் ஒஸ்மான்.

அடுப்படியில் செல்லக்கனிக்குத்தான் சங்கடம். புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஏங்க, அந்தம்மா நல்ல மாதிரிதான். ஆனா நான் எங்க திரும்பினாலும் கரண்டியோட நிக்குது. விருந்தாளியா லட்சணமா உக்காரச் சொன்னா கேக்க மாட்டேங்குது. எப்பக் கிளம்புவாங்களாம்?"

"அதக் கேக்கலாமா? மனசு சங்கடப்படும்ல. அவங்களா கிளம்பறப்பக் கிளம்பட்டும்."

ஊர் திரும்புகிற நாள் வந்தது. மற்ற வீடுகளில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு லோகேஸ்வரி முன்னால் விமான நிலையம் போய்விட்டாள். இந்த வீட்டுக்கு மட்டும் ஒரு சின்ன வேன் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "விருந்தாளி? ஏர்போர்ட்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

மூவருக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஒரே நேரத்தில் ஒஸ்மானையும் ஜைத்தூனையும் காட்டினார்கள். செல்லக்கனி புளிசாதம் கட்டிக் கொடுத்தார், ஜைத்தூனின் கையில் ஒரு ரவிக்கைத் துணியை வைத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும் நம்மையும் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு பாசம் என்று நினைத்த ஒஸ்மான், மனைவியோடு ஏறி உட்கார்ந்து மற்ற மூவருக்கும் இடம் போட்டு வைத்தார். டிரைவர் கதவைச் சாத்தினார். வேன் போனது. மூவரும் படியில் நின்று கை ஆட்டினார்கள்.

"ரெண்டு பேரும் போனதும் வீடே வெறிச்சுன்னு ஆயிருச்சு" என்றான் சுடலைமுத்து.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. லோகேஸ்வரி அலறினாள். "அங்கிள்! வேன்ல யாரோ ரெண்டு பேர் வந்து இறங்கி புளிசாதம் சாப்பிடறாங்க! நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதாம்மா."

"பிளேன் கிளம்பப் போவுது! நான் வர்றேன், அசையாதீங்க!"

வேன் பறந்து வந்தபோது மூவரும் போனைப் பிடித்த கை, ஆட்டிய கை, துடைத்த கை என்று அசையாமல் அப்படியே நின்றிருந்தார்கள். ஒஸ்மானும் ஜைத்தூனும் இறங்கி உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்கள். வழியெல்லாம் குலுக்கல்.

"ஏறுங்க, சீக்கிரம்!" என்றாள் லோகேஸ்வரி.

"எப்படிம்மா? விருந்தாளிங்க இப்பத்தான் திரும்பி வந்திருக்காங்க."

அந்தப் பிள்ளைக்கு வாதாட நேரம் இல்லை. "சரி அங்கிள், உங்க வீடுதான், உங்க விருந்தாளிதான். வீட்டப் பூட்டிட்டு வந்து ஏறுங்க!"

இது நியாயமான பேச்சு. தங்கப்பழம் இரண்டு நிமிஷத்தில் வந்து ஏறினார்.

விமானம் மேகத்துக்கு மேலே போனபிறகு செல்லக்கனி திடுக்கிட்டு மார்பில் கை வைத்தார். "ஏங்க! மீன் குழம்பு அடுப்புல இருந்துச்சே, அணைச்சனா இல்லையான்னு ஞாபகம் இல்லையே!"

சுடலைமுத்து எழுந்து, பணிப்பெண்ணிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னான்.

"உக்காரு மாப்ளே" என்றார் தங்கப்பழம். "பதறாத கனி. உள்ளதான் ரெண்டு பேரு இருக்காங்க, அணைச்சிருவாங்க."

"அவங்க வெளிய கிளிய போயிருந்தா?"

தங்கப்பழம் மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

"எப்படிப் போவாங்க? வெளிய பூட்டி, இழுத்துப் பாத்துட்டுல்ல வந்திருக்கேன்!"